ஏரி நிரம்பும் கணக்கு

கனடாவில் 2023ஆம் ஆண்டில் குடல் அழற்சி நோயோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 3,22,600 பேர். லட்சத்துக்கு 825 பேர். 2035இல் இது 4,70,000ஐ எட்டும், நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்டும் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரையும் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய லோதியன் பகுதியில் 2018இல் லட்சத்துக்கு 784 பேர் இந்த நோயோடு இருந்தார்கள். 2028இல் அது 1.02 சதவீதமாகும் என்பது அங்குள்ளவர்களின் கணிப்பு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் தள்ளி ஒரு நோய் எத்தனை பேரிடம் இருக்கும் என்று தசமப் புள்ளி வைத்துச் சொல்லும்போது, எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு உறுதி எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் எழுவது நியாயம். கனடாவைப் பற்றிய கணிப்பைப் பெரும்பாலும் நம்பலாம் என்பதும், இந்தியாவைப் பற்றி இப்போது புழங்கும் எண்களை அப்படி நம்ப முடியாது என்பதும் என் கருத்து. ஆனால் கனடாவின் கணிப்பை நம்பகமாக்கும் அதே காரணம், நம்முடைய எண்கள் எந்தத் திசையில் போகும் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்வது எண்களை மனப்பாடம் செய்வதைவிட முக்கியம்.

குடல் அழற்சி நோய் என்ற பெயருக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. பெருங்குடலின் உட்சுவர் மட்டும் புண்ணாகி ரத்தமும் சளியுமாகக் கழிவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இதை 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் பதிவு செய்தார். வாயிலிருந்து மலவாய் வரை எங்கும் வரக்கூடியது, குடற்சுவரை முழு ஆழத்துக்கும் அரித்து அடைப்பையும் புரைவழிகளையும் உண்டாக்குவது க்ரோன் நோய். கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் டால்ஸியல் 1913இலேயே இதை விவரித்திருந்தாலும், 1932இல் நியூயார்க்கில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் எழுதிய கட்டுரையின் வழியாகவே பெயர் நிலைத்தது. மன உளைச்சலோடு சேர்த்துப் பேசப்படும் ஐ.பி.எஸ். என்ற எரிச்சல் குடல் நோய்க்குறி வேறு, இது வேறு. ஐ.பி.எஸ்.ஸில் குடலைத் திறந்து பார்த்தால் புண் இருக்காது. இதில் இருக்கும். முன்கணிப்புக்கு வேண்டிய தன்மைகள் மூன்று. பெரும்பாலும் இளமையில், பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. நல்ல சிகிச்சை கிடைப்பவரை அது அரிதாகவே கொல்கிறது. இந்த மூன்றும் சேரும்போது ஒரு சமூகத்தில் நோயாளிகளின் தொகை என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

ஏரிக்கு வரத்துக் கால்வாய் ஒன்று, மதகு ஒன்று. ஆண்டுதோறும் புதிதாக நோயுறுவோர் கால்வாய் வழியாக வரும் நீர், இறப்பவர்கள் மதகு வழியாக வெளியேறும் நீர், நோயோடு வாழ்வோர் ஏரியில் தேங்கியிருக்கும் நீர். புற்றுநோய்கள் சிலவற்றில் வரத்தும் அதிகம், வெளியேற்றமும் அதிகம். ஆகையால் நீர்மட்டம் அவ்வளவாக ஏறுவதில்லை. இங்கே மதகு பல பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. இருபத்தைந்து வயதில் நோய் வந்தவர் எழுபத்தைந்து வரை வாழ்ந்தால் ஐம்பது ஆண்டுகள் அதே ஏரியில் இருக்கிறார். எனவே வரத்து கூடாவிட்டாலும், ஏன், சற்றுக் குறைந்தாலும்கூட நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகும். முன்பு இப்படி இருக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் கார்ட்டிசோனை முறையாகச் சோதித்து 1955இல் முடிவை வெளியிடும்வரை, கொலைட்டிஸின் கடும் தாக்குதலுக்கு ஆளானவர்களில் கணிசமானோர் அதிலேயே இறந்தார்கள். மதகை அடைத்தது மருத்துவம். இன்று மேலை நாடுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்ந்திருப்பதில் ஒரு பங்கு அந்த வெற்றியின் கணக்கில் சேர வேண்டியது. இதைச் சொல்லாமல் 'நோய் பெருகுகிறது' என்று மட்டும் எழுதும் செய்திகள் பாதி உண்மையைத்தான் தருகின்றன.

இப்போது கனடாவின் எண்ணுக்கு வருவோம். அங்கே ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 30 பேர் புதிதாக நோயுறுகிறார்கள். அந்த விகிதம் கொஞ்ச காலமாகப் பெரிதாக மாறவில்லை. 2023க்கும் 2035க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அது நாம் நினைத்ததில் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படி நடப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை, ஒரு பேச்சுக்காகத்தான். லட்சத்துக்கு 360 பேர் சேர்வதற்குப் பதில் 180 பேர் சேர்வார்கள். ஏற்கெனவே இருக்கும் 825 பேர் பெரும்பாலும் அப்படியே இருப்பார்கள். கணிப்பின் மிகப் பெரிய பிழையும் ஏற்கெனவே தேங்கியிருக்கும் நீரோடு ஒப்பிடச் சிறியதுதான். 2035இல் கனடாவில் இந்த நோயோடு இருக்கப்போகிறவர்களில் பெரும்பான்மையோர் இன்றே அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுடைய வயதும் அங்குள்ள மருத்துவப் பதிவேடுகளில் இருக்கிறது. அவர்கள் தொடர்ந்து வாழ்வார்கள் என்று சொல்வதில் ஆரூடம் எதுவும் இல்லை. லோதியன் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் பார்க்க வேண்டும். மருத்துவமனை அனுமதிக் குறியீடுகள், திசுப் பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள் எனப் பல பதிவுகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, நோய் இருக்கலாம் என்று தோன்றிய 24,601 பேரைத் திரட்டி, ஒவ்வொன்றையும் சரிபார்த்ததில் உண்மையான நோயாளிகள் 10,499 பேர் என்று கண்டார்கள். பாதிக்கு மேல் தவறான பெயர்கள். கணினியில் கிடந்த குறியீட்டை மட்டும் நம்பியிருந்தால் நிகழ்காலமே பிழைத்திருக்கும். எதிர்காலத்தைப் பற்றி அவர்கள் பேசுவதற்கான தகுதி இந்த எண்ணும் வேலையிலிருந்து வந்தது.

இந்தியாவில் இதற்கு ஒப்பாகச் சொல்லக்கூடிய முயற்சி பஞ்சாபில் நடந்தது. லூதியானாவைச் சேர்ந்த அஜித் சூத் குழுவினர் மக்களை நேரில் சந்தித்துக் கேள்விகள் கேட்டு, சந்தேகத்துக்குரியவர்களைக் குடல் உள்நோக்கிக் கருவியாலும் திசுச் சோதனையாலும் உறுதிசெய்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 51,910 பேரை ஆராய்ந்ததில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தவர்கள் 23 பேர், லட்சத்துக்கு 44.3. ஓராண்டு கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போய் 49,834 பேரைப் பார்த்தார்கள். புதிதாக நோயுற்றோர் விகிதம் லட்சத்துக்கு 6.02 என்று வந்தது. அதாவது மூன்று பேர். இந்தியாவில் கொலைட்டிஸ் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்குப் பல கட்டுரைகளிலும் கருத்தரங்குகளிலும் மேற்கோள் காட்டப்பட்டுவரும் அந்த எண் மூன்று மனிதர்களின் மேல் நிற்கிறது. மூன்று நிகழ்வுகளை வைத்துப் புள்ளியியல் முறைப்படி எல்லை போட்டால் உண்மையான விகிதம் லட்சத்துக்கு 1இலிருந்து 17 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த ஆய்வாளர்களைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. அரை லட்சம் பேரை இரண்டு முறை தேடிப் போன அவர்களுடைய உழைப்பு போற்றத்தக்கது. அவர்களைப் பின்பற்றி மாநிலத்துக்கு ஒரு குழு கிளம்பாததுதான் குறை.

இருந்தாலும் அந்தச் சிறிய எண்களுக்குள் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. நோயோடு வாழ்வோரின் விகிதத்தை, ஆண்டுதோறும் புதிதாக வருவோரின் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். கனடாவில் 825ஐ 30ஆல் வகுத்தால் 27 ஆண்டு கிடைக்கிறது. பஞ்சாபில் 44.3ஐ 6.02ஆல் வகுத்தால் 7 ஆண்டுக்குச் சற்று மேல். வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஒரு நோய்க்கு 7 ஆண்டு என்ற விடை பொருந்தவில்லை. மூன்று விளக்கங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, மதகு திறந்திருக்கிறது. நோயாளிகள் பெயரிடப்படாமல், சிகிச்சை இல்லாமல், சீக்கிரமே இறந்துவிடுகிறார்கள். இரண்டு, நாள்பட்ட நோயாளிகள் வேறு நோயின் பெயரில் எண்ணப்படுகிறார்கள். மூன்று, வரத்து அண்மையில்தான் பெருகியிருக்கிறது, ஏரி இன்னும் நிரம்பவில்லை. மூன்றும் வெவ்வேறு அளவில் உண்மையாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். மூன்று பேரை வைத்துச் செய்த வகுத்தலின் மேல் அதிக பாரம் ஏற்றக்கூடாது என்பதும் தெரிகிறது. ஆனால் எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் வரப்போவது ஒன்றுதான். சிகிச்சை மேம்பட்டால் மதகு அடைபடும். நோயைச் சரியாகக் கண்டறியத் தொடங்கினால் மறைந்திருந்தவர்கள் கணக்கில் ஏறுவார்கள். வரத்துதான் புதிது என்றால் அது தானாகவே நிரம்பும். ஆசிய நாடுகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில் இந்தியத் தரப்பில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 9 பேருக்குச் சற்று மேல் என்று விகிதம் வந்தது, அதில் சேர்ந்த ஆசிய நாடுகளில் அதுவே அதிகம். அதில் பாதியே நாட்டின் உண்மை விகிதம் என்று கொண்டு, ஒருவர் நாற்பது ஆண்டு நோயோடு வாழ்வார் என்று கொண்டாலும், வரத்து ஒரு துளிகூடக் கூடாமலே, 140 கோடி மக்களில் 25 லட்சம் பேர் என்ற மட்டத்தை நோக்கி ஏரி ஏறும். இது என் தோராயக் கணக்கு. எண்ணைவிட அதன் உள்ளமைப்பு முக்கியம்.

இன்று நோயோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதே தெளிவில்லை. 2010இல் இந்தியாவில் 14 லட்சம் பேர் என்று ஒரு மதிப்பீடு, அமெரிக்காவுக்கு அடுத்த இடம். உலக நோய்ச்சுமை ஆய்வின்படி 1990இல் 1.3 லட்சமாக இருந்தது 2019இல் சுமார் 2.7 லட்சம். பஞ்சாபின் விகிதத்தை நாடு முழுவதற்கும் விரித்தால் கொலைட்டிஸ் மட்டும் 6 லட்சத்துக்கு மேல். ஐந்து மடங்கு வித்தியாசம் உள்ள மூன்று எண்கள், மூன்றும் ஒரே நாட்டுக்கு. உலக அளவிலும் இதே நிலைதான். உலக நோய்ச்சுமை ஆய்வின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு உலகில் 68 லட்சம் பேர் என்றது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பு 49 லட்சம் என்றது. இரண்டு ஆண்டில் 19 லட்சம் பேர் குணமாகிவிடவில்லை, கணக்கிடும் மாதிரிதான் மாறியது. தரவு இல்லாத இடங்களை அண்டை நாடுகளின் தரவு கொண்டு நிரப்பும் மாதிரிகள் இவை. வேறு வழி இல்லாதபோது அவற்றுக்குப் பயன் உண்டு. அவற்றின் மேல் கோடு வரைந்து 2050இல் இத்தனை என்று நீட்டும்போது, அளக்கப்பட்டதற்கும் ஊகிக்கப்பட்டதற்கும் உள்ள எல்லை வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

நோய் கூடவில்லை, கண்டுபிடிப்பதுதான் கூடியிருக்கிறது என்று ஒரு மறுப்பு உண்டு. வலுவான மறுப்புதான். கொலனாஸ்கோபி என்ற குடல் உள்நோக்கிக் கருவி நம்மூர்களில் மாவட்டத் தலைநகரங்கள்வரை வந்தது அண்மைக்காலத்தில்தானே. ரத்தம் கலந்து மலம் போனால் மூலம் என்று முடிவுகட்டிக்கொண்டு நாட்டு மருந்துக்குப் போவதும், சீதபேதி என்று மெட்ரோனிடஸோல் மாத்திரையைத் திரும்பத் திரும்ப வாங்கி விழுங்குவதும் இன்றும் நடப்பவை. அப்படிப் போனவர்கள் இப்போது சரியான பெயரோடு பதிவாகிறார்கள் என்பது உண்மை. ஆனால் முழு உயர்வையும் இதைக் கொண்டு விளக்க முடியாது. தென்கொரியாவில் சியோல் நகரின் சோங்பா, காங்டோங் ஆகிய இரண்டு பகுதிகளை மட்டும் 1986 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். முப்பது ஆண்டுகளில் கொலைட்டிஸ் விகிதம் லட்சத்துக்கு 0.29இலிருந்து 5.82க்கும், க்ரோன் விகிதம் 0.06இலிருந்து 2.44க்கும் போனது. கண்டறிதல் மேம்பட்டதால் மட்டும் வரும் உயர்வு, தேங்கிக்கிடந்தவர்களை அள்ளி முடித்ததும் தணிய வேண்டும். இது முப்பது ஆண்டு ஏறியது. இதைவிடத் திட்டமான சான்று புலம்பெயர்ந்தவர்களிடமிருந்து வருகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறியவர்களைப் பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்வில், எவ்வளவு சிறு வயதில் வந்து சேர்ந்தார்களோ அவ்வளவுக்கு நோய் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது, பத்து வயது குறையக் குறைய 14 சதவீதம் கூடுதல். தெற்காசியப் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளைகளிடம் நோய் விகிதம் அந்நாட்டாரின் பிள்ளைகளை ஒத்திருந்தது. ஸ்கார்பரோவில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் அந்த மாகாணத்துக்குள்தான் இருக்கிறார்கள். ஐந்து வயதில் வந்தவருக்கும் நாற்பது வயதில் வந்தவருக்கும் அங்கே ஒரே மருத்துவமனை, ஒரே கருவி, ஒரே காப்பீடு. வந்த வயதுக்கு ஏற்ப நோய் மாறுகிறது என்றால், அது கண்டறிதலின் விளைவாக இருக்க முடியாது. தொடக்க வயதில் உடல் சந்திக்கும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாட்டின் மருத்துவத் துறைக்கு, புதிதாக நோய் வந்தவரும் இதுவரை மறைந்திருந்தவரும் ஒன்றுதான். இருவரும் அதே வாசலில் வந்து நிற்பார்கள், இருவருக்கும் குடல் அழற்சியைத் தணிக்கும் அதே மெசலமைன் மாத்திரை, அதே கொலனாஸ்கோபி, அதே ஆயுட்கால கவனிப்பு வேண்டும். நோயின் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சியாளருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. எத்தனை பேருக்குத் தயாராக வேண்டும் என்று கேட்பவருக்கு அது இரண்டாம்பட்சம்.

மரபணு வேறு, ஆகவே மேலை நாட்டுப் பாதை நமக்குப் பொருந்தாது என்பார்கள். 2001இல் க்ரோன் நோயோடு இணைத்துக் கண்டறியப்பட்ட நாட்2 மரபணு மாற்றங்கள் ஐரோப்பியரிடம் காணப்படும் அளவுக்கு ஆசியரிடம் இல்லை என்பது மெய். ஆனால் 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் எண்ணியபோது அங்கு வாழ்ந்த தெற்காசியரிடம் கொலைட்டிஸ் ஐரோப்பியரைவிடக் கூடுதலாகவே இருந்தது. மலேசியாவில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் எண்ணியபோது, மலாய்க்காரர், சீனர் ஆகிய இரு சமூகத்தாரையும்விட இந்திய வம்சாவளியினரிடம் விகிதம் பல மடங்கு அதிகம். அந்த வம்சாவளியினரில் பெரும்பாலோர் தமிழர். மலேசியத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஓரிரு தலைமுறையில் மரபணு மாறிவிடவில்லை. சூழல் மாறும்போது இந்நோய்க்கு இடம் கொடுக்கும் இயல்பு நம்மிடம் குறைவு என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை, அதற்கு எதிரான ஆதாரம்தான் இருக்கிறது. அதே நேரத்தில், பாதையை வரைந்தவர்களின் வரைபடத்தை அப்படியே ஏற்கவும் தயக்கம் இருக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தின் கில்லாட் கப்லனும் சகாக்களும் நான்கு கட்டங்களைச் சொல்கிறார்கள்: நோய் தலைகாட்டுவது, புதியவர்கள் விரைந்து கூடுவது, வரத்து நிலைத்தும் தொகை குவிந்துகொண்டே போவது, கடைசியில் வரவும் இறப்பும் சமமாகும் நிலை. 2025இல் நேச்சர் இதழில் அவர்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, 1920 முதல் நூறாண்டுக்கு இந்த வரிசையைச் சோதித்துக் காட்டினார்கள். வரிசை சரி. ஆனால் வேகம் எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல. நகரமயமாதலே இந்நோயின் இயந்திரம் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஹைதராபாத்தின் ரூபா பானர்ஜி குழுவினர் தெலங்கானாவின் கிராம முகாம்களுக்குப் போய்ப் பார்த்தபோது, வயிற்றுத் தொல்லையோடு வந்தவர்களில் இந்நோய் இருந்தவர்களின் பங்கு நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கிராமம் நம்மைக் காப்பாற்றும் என்ற நினைப்பை வைத்துக் கணிப்பு எழுத முடியாது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைக் கனடாவின் மாதிரியில் தேடினாலும் கிடைக்காது. அது காசநோய். இளைஞர் ஒருவர் வலது அடிவயிற்று வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடைக்குறைவு என்று வருகிறார். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண்கள் தெரிகின்றன. திசுவை எடுத்துப் பார்த்தால் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சு. இது க்ரோனாகவும் இருக்கலாம், குடல் காசநோயாகவும் இருக்கலாம். காசநோய்க் கிருமி திசுவில் அகப்படாமல் போவது சகஜம். க்ரோன் என்று நினைத்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால், இருப்பது காசநோயாக இருக்கும் பட்சத்தில் உயிருக்கே ஆபத்து. எனவே காசநோய் மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்து, மறுபடி கொலனாஸ்கோபி செய்து, புண் ஆறியிருந்தால் காசநோய், ஆறாவிட்டால் க்ரோன் என்று முடிவு செய்வது இங்கே பரவலான வழக்கம். இந்தக் காத்திருப்பின் நடுவில் மருந்தை விட்டவர்கள், வேறு ஊர் போனவர்கள், மறு சோதனைக்குப் பணம் இல்லாதவர்கள் க்ரோன் கணக்கில் ஒருபோதும் ஏறுவதில்லை. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கும்போது, க்ரோனின் எண்ணிக்கை காசநோயின் நிழலில்தான் நிற்கும். காசநோய் குறையத் தொடங்கினால், மருத்துவர்கள் க்ரோனை முதலிலேயே நினைப்பார்கள், அதன் எண்ணிக்கை உயரும். அந்த உயர்வில் எவ்வளவு உண்மையான பெருக்கம், எவ்வளவு பெயர் மாற்றம் என்பதைப் பிரித்தறிய வேண்டுமானால், இரண்டு நோய்களையும் ஒரே பதிவேட்டில் சேர்த்தே எண்ணியாக வேண்டும். இந்தியாவுக்கு எழுதப்படும் எந்த முன்கணிப்பும் காசநோய்க்கு ஒரு நெடுவரிசை ஒதுக்காவிட்டால் அதை நான் பொருட்படுத்தமாட்டேன்.

முன்கணிப்புகள் பொய்த்த வரலாறும் மறக்கக்கூடியது அல்ல. 1990இல் அமெரிக்காவின் பிரெக்மன், லாங்மூர் இருவரும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார் கொள்ளைநோய்களுக்கு வகுத்த விதியை எய்ட்ஸ் மீது பொருத்தி, அது அங்கே மொத்தம் 2 லட்சம் பேரோடு அடங்கிவிடும் என்று எழுதினார்கள். நடந்தது வேறு. தொற்றும் நோயில் இன்றைய நோயாளி நாளைய நோயாளியை உண்டாக்குகிறார், மனிதர்களின் நடத்தை மாறினால் எல்லாம் மாறும். அங்கே கணிப்பு முழுவதும் வரத்தைப் பற்றியது. குடல் அழற்சி தொற்றுவதில்லை. இங்கே கணிப்பின் பெரும்பகுதி தேக்கத்தைப் பற்றியது. ஆகவே எய்ட்ஸ் தந்த பாடம் இங்கே பாதிதான் பொருந்தும். அதன் மறுபாதி நமக்குச் சாதகமானது: 1996க்குப் பிறகு கூட்டு மருந்துகள் வந்தபோது எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் தொகை உயர்ந்தது, ஏனெனில் அவர்கள் சாகவில்லை. நாளை குடல் அழற்சியை முற்றிலும் குணமாக்கும் மருந்து ஒன்று வந்தால் என் கணக்கு முழுக்கச் சரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனதார அதை வரவேற்பேன். ஆனால் 1998இல் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி வந்தது முதல் இன்றுவரை வந்த உயிரியல் மருந்துகள் எல்லாம் நோயை அடக்கிவைப்பவை. அடக்கிவைக்கும் ஒவ்வொரு மருந்தும் மதகை இன்னும் கொஞ்சம் மூடுகிறது.

காசநோயும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் உள்ள நாட்டில் இதற்கு என்ன அவசரம் என்று கேட்பவர்கள் இரக்கத்தினால்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இவை தனித்தனி வரிசைகள் அல்ல என்பதே. எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுப்பதற்கு முன் உறங்கிக்கிடக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது விழித்துக்கொள்ளும். ஒன்றைச் சரியாகக் கவனிக்காமல் மற்றொன்றைக் கவனிக்க முடியாது. மேலும், இந்நோய் தாக்குவது படித்து முடித்து வேலைக்குச் சேரும், திருமணம் ஆகும் வயதை. ஜப்பானின் ஷின்சோ அபே கொலைட்டிஸ் முற்றியதால் 2007இலும் 2020இலும் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். உலகின் சிறந்த சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒருவர் அவர். ஒரு நாளைக்குப் பத்து முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியவர் பேருந்து ஓட்டுநராகவோ தையல் கூடத்தில் இடைவேளைக்கு மட்டும் எழக்கூடிய தொழிலாளியாகவோ இருந்தால் அவருக்கு விலகல் கடிதம்கூட வேண்டியிருக்காது. வேலையே போய்விடும். அவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை என்பதால் அவருக்காக எந்தத் திட்டமும் எழுதப்படுவதில்லை. எண்ணப்படாதவர்களுக்கு ஒதுக்கீடு கிடைத்ததாக நம் நிர்வாக வரலாற்றில் எனக்கு எடுத்துக்காட்டு தெரியவில்லை.

எண்ணத் தெரியாத ஊர் அல்ல நம்முடையது. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் மையத்தின் பொறுப்பில் நடந்துவருகிறது. மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்த் திசுச் சோதனைக் குறிப்புகளையும் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டு, ஒருவரையே இரண்டு முறை எண்ணாமல் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் அங்கே பழகிப்போனவர்கள். பின்னர் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. லோதியனில் செய்தது இதே வேலைதான். குடல் உள்நோக்கிச் சோதனைக் கூடத்தின் பதிவேடு, நோய்க்குறியியல் ஆய்வகத்தின் முடிவுகள், அரசு மருந்தகங்களில் மெசலமைன் வாங்குவோர் பட்டியல், இந்த மூன்றையும் ஒரு மாவட்டத்தில் ஐந்து ஆண்டு ஒப்பிட்டால் போதும், லூதியானாவின் மூன்று பேருக்குப் பதில் நூற்றுக்கணக்கான பேரின் மேல் நிற்கும் விகிதம் கிடைக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீட்டு வாசலுக்குப் போகும் பெண்கள், 'ஒரு மாதத்துக்கு மேல் ரத்தம் கலந்து போகிறதா?' என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால், மூலம் என்று நினைத்து ஒளித்துவைத்தவர்களில் ஒரு பகுதியினராவது வெளியே வருவார்கள். பெருங்குடல் புற்றுநோயையும் அதே கேள்வி பிடிக்கும் என்பதால் அது வீண் செலவாகாது.

இலங்கையில் கம்பஹா, கொழும்பு ஆகிய இரண்டு மாவட்டங்களில் மருத்துவமனைகள் வழியாக எண்ணி 2010இல் வெளியிட்டார்கள். கொலைட்டிஸ் லட்சத்துக்கு 5.3, க்ரோன் 1.2. பஞ்சாபின் எண்ணில் எட்டில் ஒரு பங்கு. வீடு வீடாகத் தேடியதற்கும் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியதற்கும் உள்ள வேறுபாடு அதில் எவ்வளவு, நோயின் வேறுபாடு எவ்வளவு என்று பிரிக்க இன்றைக்கு வழி இல்லை. அதே இரண்டு மாவட்டங்களில் அதே முறையில் இப்போது மறுபடி எண்ணலாம். லூதியானாவின் அதே குடியிருப்புகளுக்கும் திரும்பிப் போகலாம், அன்று கண்ட 23 பேரின் வயதும் இன்றைய நிலையும் உட்பட. இந்த இரண்டையும் செய்து முடித்தால், தெற்காசியாவில் மதகு திறந்திருக்கிறதா, வரத்து புதிதா என்ற கேள்விக்கு முதல் முறையாக அளந்து விடை சொல்ல முடியும்.